அழைப்பும் அனுப்புதலும்: அமெரிக்க மிஷன் கால யாழ்ப்பாணத்து எழுத்துகள் குறித்து ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்துக் கிறித்தவ மிஷனரிமார் குறித்து எழுதப்பட்டனவற்றுட் பெரும்பாலானவற்றை இரு வகையில் அடக்கலாம். திருச்சபைச் சார்பான வரலாறுகளில் ஊழியர் ஒருவரது வாழ்க்கை இறைவனின் அழைப்புடன் தொடங்குகின்றது. பின்னர் நிகழ்வன யாவும் அவ்வழைப்பின் நிறைவேற்றமாகவே காட்டப்படுகின்றன. சைவ மறுமலர்ச்சியின் வழிவந்த எழுத்துகளிலோ மிஷனரி அந்நிய ஆட்சியின் கையாள் மாத்திரமே. முன்னது தனிமனித மனச்சாட்சியை வரலாற்றின் இடத்தில் வைக்கின்றது. பின்னது மனச்சாட்சியை வெறும் வேடமெனத் தள்ளிவிடுகின்றது. இரண்டும் அழைப்பையும் அனுப்புதலையும் ஒன்றெனவே கொள்கின்றன. அழைப்பு ஒருவரது உள்ளத்தில் நிகழ்வதாகக் கூறப்படுவது. அனுப்புதல் பணம், கப்பல், அரசாங்க அனுமதி, சம்பளம் என்பவற்றின் வழியே நிகழ்வது. இவ்விரண்டிற்குமிடையேயுள்ள முரண்பாட்டை மனங்கொண்டு வாசிக்கும்போதே இவ்வெழுத்துகளின் சமூகப் பொருள் புலனாகும் என்பது எமது கருத்து.

‘ஊழியம்’ என்னும் சொல்லே இதற்குத் தக்க சான்றாகும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் ஆட்சிக் காலங்களில் யாழ்ப்பாணத்தின் குறிப்பிட்ட சில சமூகத்தவரிடமிருந்து அரசு கட்டாயமாகப் பெற்ற உடலுழைப்பின் பெயர் ஊழியம். அதே சொல் கிறித்தவத் தமிழில் இறைவனுக்கு மனமுவந்து செய்யும் பணியைக் குறித்தது. கட்டாயத்தின் நினைவு அகலாத ஒரு சமூகத்தில் விருப்பின் மொழி பேசப்பட்டது என்பதை விமரிசகன் மறத்தலாகாது.

1810இல் நிறுவப்பட்ட அமெரிக்க மிஷன் சங்கத்தின் ஊழியர் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். ஆங்கில ஆட்சியாளர் இடங்கொடுத்தமையாலேயே அவர்கள் இங்கு தங்க முடிந்தது. ஆனால் 1820இல் வந்த அச்சுத் தொழிலாளரான ஜேம்ஸ் கரற் நாட்டை விட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்டுப் பம்பாய் செல்ல நேர்ந்தது. அமெரிக்கரின் தொகை பெருகுவதை அக்காலத் தேசாதிபதி விரும்பவில்லை. அத்தடை 1830களின் தொடக்கம் வரை நீடித்தது. கரற்றின் அழைப்பு ஏனையோரின் அழைப்பிலும் குறைந்ததன்று. அவரை அனுப்பிய அதிகாரத்தைவிட அவரைத் தடுத்த அதிகாரம் வலியதாயிருந்தது. மிஷனரிமாரும் ஆட்சியாளரும் எக்காலத்தும் ஒருமித்தே இயங்கினர் என்னும் எளிமைப்பாட்டை இந்நிகழ்ச்சி மறுக்கின்றது.

உள்ளூரவரின் நிலையோ வேறு. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியில் பயின்றோர் பெரும்பாலும் வேளாளர். அமெரிக்க நன்கொடையாளர் தாம் ஆதரித்த மாணவருக்குத் தம் விருப்பப்படி பெயர் சூட்டும் வழக்கம் மிஷன் பாடசாலைகளில் இருந்தது. சதாசிவம்பிள்ளை ஆர்ணல்ட் ஆனார். விசுவநாதபிள்ளை கறோல் ஆனார். கொடுத்த பணம் பெற்றவரின் பெயராகவே மாறிற்று. அமெரிக்கர் அனுப்பப்பட்டவர், உள்ளூரவர் அமர்த்தப்பட்டவர். இவ்வேறுபாடு சம்பளத்திலும் பதவியிலும் நிலைத்திருந்தது.

ஆயினும் அமர்த்தப்பட்டவர் அமர்த்தியவரின் நோக்கத்துள் அடங்கிவிடவில்லை. ‘உதயதாரகை’ 1841இல் வெளிவரத் தொடங்கியபோது அதனை நடத்தியோர் செமினறியிற் பயின்ற தமிழரே. பின்னாளில் அதன் ஆசிரியராயிருந்த சதாசிவம்பிள்ளை 1886இல் ‘பாவலர் சரித்திர தீபக’த்தை வெளியிட்டார். சைவர், வைணவர், கிறித்தவர் என்னும் வேறுபாடின்றிப் புலவர் வாழ்க்கைகள் அதில் இடம்பெறுகின்றன. மிஷன் வாழ்க்கை வரலாறுகளில் ஒருவர் அழைக்கப்பட்டமையால் எழுதத்தக்கவராகிறார். இந்நூலில் எழுதியமையால் நினைக்கத்தக்கவராகிறார். ஆசிரியர் இறுதிவரை கிறித்தவராயிருந்தார் என்பதால் இம்மாற்றம் மேலும் கவனத்துக்குரியது. அதே செமினறியின் மாணவரான சி. வை. தாமோதரம்பிள்ளை சைவத்துக்கு மீண்டு, 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார்.

1855இல் செமினறி மூடப்பட்டது. ஆங்கிலங் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடினரேயன்றி, ஊர்ச்சபைகள் தாங்கக்கூடிய சிறு சம்பளத்திற்குப் போதகராக அமைய விரும்பவில்லை என்பது அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவினரின் மனக்குறை. எனவே தாய்மொழிக் கல்வியே போதுமென்னும் நிலைப்பாடு மேலோங்கிற்று. தமிழ் இங்கு அறிவின் வாயிலாக அன்று, மாணவனை ஊரில் நிறுத்தும் வேலியாகவே கருதப்பட்டது.

இப்பின்னணியிலேயே சாமுவேல் பிஸ்க் கிறீனின் பணி மதிப்பிடப்படல் வேண்டும். 1847இல் வந்த இம்மருத்துவர் மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலும் 1860களின் நடுப்பகுதியிலிருந்து தமிழிலும் மேனாட்டு மருத்துவங் கற்பித்தார். ஆங்கிலத்திற் பயின்ற வைத்தியர் அரச சேவைக்குச் சென்றுவிடுவர், தமிழிற் பயின்றோர் ஊரில் நிலைப்பர் என்பது அவர் கருத்து. தூதுக்குழுவின் நியாயத்துக்கும் இதற்கும் தோற்றத்தில் வேறுபாடில்லை. வேறுபாடு செயலிலேயே உள்ளது. கிறீன் தமிழுக்காக அறிவைக் குறைக்கவில்லை. ‘இரணவைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) முதலிய நூல்கள் அக்காலத்து மருத்துவ அறிவை முழுமையாகத் தமிழிற் கொணர முயன்றவை. மாணவருடன் கூடியுழைத்துச் சொல்லாக்கஞ் செய்த அவர், தமிழிலும் வடமொழியிலும் வழங்கிய சொற்களை முதலில் தேடி, அவை கிடையாதவிடத்தே அயற்சொல்லை ஏற்றார். ஆறுமுக நாவலரின் வசனத்தை உரைநடை வரலாற்றின் மையத்தில் வைக்கும் நாம், உடற்கூற்றையும் சத்திரசிகிச்சையையும் ஐயமின்றி விளக்கவேண்டிய கட்டாயத்திற் பிறந்த இவ்வசனத்தை அவ்வரலாற்றின் புறத்தே நிறுத்தியமை நியாயமாகாது.

எனினும் 1873இல் கிறீன் நாடு திரும்பியபின் தமிழ்மொழி மருத்துவக் கல்வி நெடுநாள் நிலைக்கவில்லை. அதற்குத் தமிழின் வலுவின்மை காரணமன்று. 1870இல் கொழும்பில் அரசு தொடங்கிய மருத்துவப் பாடசாலை ஆங்கிலத்திற் கற்பித்தது. பதவியும் ஊதியமும் அம்மொழியின் பக்கமே இருந்தன. மொழியின் ஆற்றலை நூல்கள் நிறுவலாம்; அம்மொழியிற் கற்றவனுக்கு வாழ்வளிப்பது அரசும் பொருளாதாரமும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978இல் தொடங்கிய மருத்துவபீடமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கின்றது.

அறிவுத்துறையினர் பலர் இன்று தம்மை மக்கள் பணிக்கு அழைக்கப்பட்டோராகக் கருதுகின்றனர். அவ்வுணர்வின் நேர்மையில் எமக்கு ஐயமில்லை. ஆனால் ஒருவரது பணியை அவரது உணர்வைக்கொண்டு மதிப்பிடல் இயலாது. அவருக்கு ஊதியம் எங்கிருந்து வருகின்றது, அவர் எம்மொழியில் எழுதுகின்றார், அவர் கற்பித்தோர் எங்கே சென்று சேர்கின்றனர் என்னும் வினாக்களை மிஷனரிமாரிடம் எழுப்பும் நாம் எம்மிடமும் எழுப்புதல் வேண்டும்.