முகம் இருக்கிறது, பெயர் எங்கே?

இறம்பொடையில் எங்கள் வீட்டுச் சுவரில் மக்கா படம் போட்ட கலண்டரைத் தவிர வேறு படம் இருந்ததில்லை. "உருவப்படம் தொங்குற ஊட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்க" என்பார் உம்மா. அப்படி வளர்ந்த நான் பிற்காலத்தில் ஐரோப்பிய உருவ ஓவியங்களில் மனதைப் பறிகொடுத்தேன். அசலாக ஒன்றையும் கண்டதில்லை. பார்த்ததெல்லாம் அச்சிலும் கணினித் திரையிலும்தான்.

முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியது மொரோக்கோத் தூதுவரின் ஓவியம். ஸ்பெயினுக்கு எதிராகக் கூட்டுச் சேரும் யோசனையோடு, சுல்தான் அஹ்மத் அல்-மன்சூர் 1600இல் இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் மகாராணியிடம் அனுப்பிய அப்துல் வாஹித் பின் மஸ்ஊத் அவர். வெள்ளைத் தலைப்பாகை, கறுப்பு மேலங்கி, இடுப்பில் வேலைப்பாடுள்ள வாள். பார்வையில் பணிவுமில்லை, பகட்டுமில்லை. தலைக்கு இருபுறமும் அவருடைய பெயர், வயது 42, ஆண்டு, பதவி எல்லாம் இலத்தீனில் எழுதப்பட்டுள்ளன. வரைந்தவர் யாரென்றுதான் தெரியாது. இன்று அந்த ஓவியம் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது.

இதற்கு நேரெதிரான ஒன்று நம் மலைநாட்டோடு சம்பந்தப்பட்டது. ஜூலியா மார்கரெட் கமரோன், ஓவியர் அல்லர், புகைப்படக் கலைஞர். ஆனால் ரபாயேல் போன்ற இத்தாலிய ஓவியர்களை மனதில் வைத்தே ஒளியையும் முகத்தையும் அமைத்தவர். கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில்தான் அவர் கையில் கமரா வந்தது. டார்வின், டெனிசன், ஹேர்ஷல் ஆகியோரின் புகழ்பெற்ற படங்கள் அவர் எடுத்தவை. 1875இல் குடும்பத்தோடு இலங்கைக்கு வந்தார். 1879இல் டிக்கோயாப் பகுதியில் காலமானார். பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இங்கே அவர் எடுத்தவற்றில் எஞ்சியவை மிகச் சில. களுத்துறைக் கிராமத்தவர் மூவரை 1878இல் எடுத்த படம் அவற்றில் ஒன்று. நடுவில் ஒரு சிறுமி, அருகே ஒரு முதியவர். டெனிசனுக்குக் கொடுத்த அதே கவனத்தை அந்த முகங்களுக்கும் கொடுத்திருக்கிறார். ஏளனம் துளியுமில்லை. ஆனால் குறிப்பில் உள்ளதெல்லாம் இதுதான்: சிறுமிக்கு வயது 12, முதியவர் தன்னை அவளுடைய தந்தை என்றும் தனக்கு நூறு வயது என்றும் சொல்கிறார். வயதைக் கேட்டிருக்கிறார், உறவையும் கேட்டிருக்கிறார். பெயரைக் கேட்டாரோ என்னவோ, எழுதவில்லை.

ஏழைகள் என்பதால்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. இங்கிலாந்தில் அவர் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்து, மர்யம் அன்னையின் வேடத்தில் நின்றவரின் பெயர் மேரி ஹில்லியர் என்று இன்றும் நமக்குத் தெரியும். கடல் தாண்டியதும் பெயர் அவசியமற்றுப் போயிற்று. ஒரு கலைஞரின் அன்பான பார்வைகூட ஆட்சியாளர் சமூகத்தின் பழக்கத்திலிருந்து முழுதாகத் தப்பவில்லை. அவருடைய கலையை நான் நேசிக்கிறேன், இந்தக் குறையோடுதான்.

பெயர் கிடைக்காத காலமா அது? தோட்டத்துச் செக்ரோலில் சம்பளத்துக்காகப் பெயர் எழுதினார்கள். எங்கள் கடையிலும் வாப்பாவின் கடன் கொப்பியில் பக்கத்துக்கு ஒரு பெயர், கூடவே லயத்தின் இலக்கம். அது கௌரவத்துக்காக எழுதியதல்ல, பாக்கிக்காக எழுதியது. வேலைக்கும் கடனுக்கும் தேவைப்பட்ட பெயர் படத்துக்கு மட்டும் தேவைப்படவில்லை.

இன்றும் இறம்பொடை நீர்வீழ்ச்சியைப் பார்க்க வருகிறவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்களைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். "ஒங்கட பேரென்ன?" என்று கேட்பவர் அபூர்வம். அவர்களைக் குறை சொல்வதற்கு முன், நமது பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் உள்ள பழைய குழுப்படங்களைச் சற்றுப் பாருங்கள். முன்வரிசையில் நாற்காலியில் இருப்பவர்களின் பெயர்கள் இருக்கும். பின்வரிசையில் நிற்பவர்களின் பெயர்கள்? அடையாளம் காட்டக்கூடிய மூத்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு, படத்தின் பின்புறத்தில் பென்சிலாலாவது எழுதி வைப்போம்.