விலைபோகாத நூல்களின் விலை

ஆங்கிலத்தில் அமானுஷ்யக் கதைகள், அற்புதக் கதைகள் என்று வழங்கும் இலக்கியவகையின் முதற்பதிப்புகளுக்கு இன்று ஏலங்களில் சொல்லப்படும் விலையைக் கேள்விப்படுகிறவர்கள், அந்நூல்கள் பிறந்தபோதே இத்தகைய கீர்த்தியோடு பிறந்திருக்கும் என்று எண்ணிவிடுதல் இயல்பே. ஆனால் அவற்றின் பிரசுர வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், இன்று அபூர்வம் என்று போற்றப்படுவது பெரும்பாலும் அன்றைய அலட்சியத்தின் விளைவாகவே இருக்கக் காண்கிறோம்.

ஹொரேஸ் வால்போல் 1764ஆம் ஆண்டின் இறுதியில் 'ஒட்ராண்டோ கோட்டை'யை வெளியிட்டபோது, அதனைப் பழைய இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பென்று சொல்லித் தம் பெயரையே மறைத்துக்கொண்டார். அச்சானவை 500 பிரதிகள். மேரி ஷெல்லியின் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' 1818இல் மூன்று தொகுதிகளாக, ஆசிரியர் பெயரின்றி வெளிவந்ததும் அதே 500 பிரதிகளில்தான். வாங்கியவர் சாதாரண அட்டையைக் களைந்துவிட்டுத் தம் விருப்பப்படி தோல் கட்டடம் செய்துகொள்வது அக்கால வழக்கமாதலால், அட்டை மாறாத பிரதி கிடைப்பது அரிது. அப்படிப்பட்ட ஒன்று 2021இல் நியூயார்க்கில் 11 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று.

1897இல் ஆறு ஷில்லிங் விலையில் வந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வுக்கு மஞ்சள் துணிக் கட்டடம், சிவப்பு எழுத்து. அந்த மஞ்சளைத் தேர்ந்தெடுத்தவர் வாசகரின் கை அழுக்கை நினைத்துப் பார்க்கவில்லை போலும். முதுகு கறுக்காத பிரதியைக் காண்பது துர்லபம். டோல்கியனின் 'ஹாபிட்' 1937 செப்டம்பரில் 1500 பிரதிகளாக வந்து, ஆண்டு முடிவதற்குள் விற்றுத் தீர்ந்தது. அதனை அபூர்வமாக்கியவர்கள் மேலுறையைக் கிழித்தெறிந்த குழந்தைகளே என்பது என் ஊகம். எஞ்சிய மேலுறையின் பின்மடிப்பில், லூயிஸ் கரோலின் இயற்பெயரான டாட்ஜ்ஸன் என்பதில் ஓர் எழுத்து மிகையாக அச்சாகியிருக்க, அதைப் பேனா மையால் யாரோ கையாலேயே அடித்திருப்பதைப் பார்க்கலாம். வெட்கப்பட்டு அடித்த அந்தக் கோட்டைத்தான் சேகரிப்பவர் முதலில் தேடுகிறார்.

இத்துறையின் உண்மையான சோகம் லவ்கிராஃப்டினுடையது. மலிவான பத்திரிகைகளில் எழுதி வறுமையில் காலங்கழித்த அவர், தம் வாழ்நாளில் நூலாகக் கண்டது 1936இல் பென்சில்வேனியாவில் வில்லியம் கிராஃபோர்டு என்னும் இளைஞர் அச்சிட்ட 'தி ஷேடோ ஓவர் இன்ஸ்மத்' ஒன்றே. சுமார் 400 பிரதிகள் அச்சாகி, அவற்றில் ஏறக்குறைய பாதியே கட்டடம் கண்டன. பிழைகள் மலிந்ததால் திருத்தப் பட்டியலும் சேர்க்க நேர்ந்தது. மறு ஆண்டு மார்ச்சில் அவர் காலமானார். பெரிய பிரசுரகர்த்தர்கள் அவர் கதைகளை ஏற்காமற்போகவே, நண்பர்களான ஆகஸ்ட் டெர்லெத்தும் டொனால்ட் வாண்ட்ரியும் 1939இல் விஸ்கான்ஸினிலுள்ள ஸாக் சிட்டியில் ஆர்க்கம் ஹவுஸ் என்னும் பதிப்பகத்தைத் தாமே தொடங்கி, 550 பக்கங்களுக்கு மேற்பட்ட 'தி அவுட்ஸைடர் அண்ட் அதர்ஸ்' தொகுப்பை ஐந்து டாலர் விலையில் வெளியிட்டார்கள். 1268 பிரதிகள் விற்றுத் தீர ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பிடித்தன.

எவரெட் பிளைலர் 1948இல் வெளியிட்ட அற்புத இலக்கியப் பட்டியல் இத்துறைக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது. சேகரிப்பில் இறங்க நினைப்பவர் முதலில் தேடிப் படிக்கவேண்டியது அதுவே. எண்ணிட்டு, கையொப்பமிட்டு, அபூர்வமாகவே பிறப்பிக்கப்படும் இக்காலத்து விசேஷப் பதிப்புகளை அப்பட்டியலின் நூல்களோடு சரியாசனத்தில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அவற்றுக்காக எவரும் காத்திருக்க நேர்ந்ததில்லை. மாறாக, லவ்கிராஃப்டின் 'தி ஷன்ட் ஹவுஸ்' 1928இல் அச்சாகியும், கட்டடம் செய்யப்படாமல் தாள்களாகவே கிடந்தது. அத்தாள்களில் நூறு பிரதிகளை ஆர்க்கம் ஹவுஸ் கட்டடம் செய்து விற்றது 1961இல். அப்போது ஆசிரியர் மறைந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.