ராக்கெட்டோடு முடிந்துபோகும் சூரியக் கதை

ஆதித்யா எல்-1 பற்றித் தமிழில் வந்தவற்றைச் சில மாதங்களாகச் சேர்த்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாளிதழ்ச் செய்தி, வார இதழ்க் கட்டுரை, யூடியூப் காணொளி, பள்ளிச் சுவரில் ஒட்டியிருந்த தாள் என்று எல்லாம் கலந்த குவியல். படித்து முடித்ததும் மனசில் நின்றது ஒன்றுதான். விண்வெளித் தொலைநோக்கியை நாம் ராக்கெட் கதையாகவே எழுதுகிறோம். ராக்கெட் கிளம்பி, கைதட்டி, இனிப்பு கொடுத்ததும் கதை முடிஞ்சிடுது. தொலைநோக்கியின் கதை அதுக்கு அப்புறம்தானே ஆரம்பிக்குது?

ராக்கெட்டைப் பற்றி எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. வியாசர்பாடியில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லவும் முடியாது. ஸ்ரீஹரிகோட்டா எங்களுக்கு வடக்கே பக்கத்தில்தான். வானம் தெளிவாக இருந்தால் மொட்டை மாடியிலிருந்தே புகைக்கோடு தெரியும். 2023 செப்டம்பர் 2, பகல் 11.50-க்கு பிஎஸ்எல்வி சி-57 கிளம்பியது கொண்டாட வேண்டிய விஷயம்தான். என் புகார், அன்றைக்குச் சொன்னதிலும் அதற்குப் பிறகு சொல்லாமல் விட்டதிலும் இருக்கிறது.

முதலில் தூரம். நான் படித்ததில் பாதி, விண்கலம் சூரியனுக்கே போகிறது என்ற எண்ணத்தைத்தான் தருகிறது. பூமியிலிருந்து சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர். ஆதித்யா நிற்கும் இடம் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர். நூற்றில் ஒரு பங்கு. வியாசர்பாடியிலிருந்து மதுரைக்குக் கிளம்பியவர் சென்ட்ரல் பக்கத்தில் இறங்கிக்கொண்ட மாதிரி. நிஜமாகவே சூரியனை நெருங்கியது நாசாவின் பார்க்கர். 2024 டிசம்பரில் சூரியப் பரப்புக்கு 61 லட்சம் கிலோமீட்டர் வரை போய் வந்தது. இரண்டுக்கும் வேலை வேறு. பார்க்கர் போய்த் தொட்டுப் பார்க்கிற ஆள். ஆதித்யா தூரத்தில் நின்று கண்ணை எடுக்காமல் பார்க்கிற ஆள்.

அடுத்தது எல்-1 என்கிற லெக்ராஞ்சு புள்ளி. "அங்கே பூமியின் ஈர்ப்பும் சூரியனின் ஈர்ப்பும் சமமாகி ஒன்றையொன்று ரத்து செய்துவிடும், அதனால் விண்கலம் அப்படியே நிற்கும்" என்கிற விளக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. இது தப்பு. சூரியனுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும் பொருள் பூமியைவிட வேகமாகச் சுற்றி முன்னே போய்விட வேண்டும். ஆனால் எல்-1-ல் பூமி பின்னாலிருந்து இழுப்பதால் சூரியனின் பிடி சற்றே தளர்கிறது. அந்தத் தளர்வு சரியான அளவில் இருப்பதால்தான் விண்கலமும் பூமியோடு சேர்ந்து ஒரே வருஷத்தில் சூரியனைச் சுற்றுகிறது. ஆக அது நிற்கவில்லை, கூடவே ஓடுகிறது.

அதுவும் சரியாக அந்தப் புள்ளியில் இல்லை. நேர்கோட்டில் இருந்தால் பின்னணியில் சூரியனின் ரேடியோ இரைச்சல் வந்து நம் ஆன்டெனாவைக் குழப்பும். அதனால் புள்ளியைச் சுற்றி ஒரு பெரிய வளையத்தில் போகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 178 நாள். 2024 ஜனவரி 6-ல் அந்த வளையத்துக்குள் நுழைந்தது, ஜூலை 2-ல் முதல் சுற்று முடிந்தது. அந்த இடத்துக்கு இயல்பான நிலைத்தன்மை கிடையாது. அவ்வப்போது எஞ்சினை லேசாக இயக்கித் திருத்த வேண்டும். 'விண்வெளியின் பார்க்கிங்' என்று எழுதுபவர்கள் இதையும் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

இதெல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். பெரிய குறை வேறு. எங்கள் தெருவில் மாலை நேரத்தில் சில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, சூரியன் மாடிக்குப் போனாலே தெரியுதே, அதைப் பார்க்க எதுக்கு அவ்ளோ தூரம் போகணும்?" என் குவியலில் இருந்த எழுத்தில் மிகச் சிலதான் இந்தக் கேள்வியைத் தொட்டிருந்தன. விண்வெளித் தொலைநோக்கி பற்றிய எந்தக் கட்டுரைக்கும் இதுதானே முதல் கேள்வி?

கேள்வியை இன்னும் கூர்மையாக்கலாம். தமிழ்நாட்டிலேயே கொடைக்கானலில் 1899-லிருந்து சூரிய ஆய்வகம் இருக்கு. 1909-ல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை அங்கிருந்துதான் கண்டுபிடித்தார். நூறு வருஷத்துக்கு மேலான சூரியப் படங்கள் அங்கே இருக்கின்றன. அப்புறம் எதுக்கு வானத்துக்கு மேலே ஒன்று?

காரணம் மூன்று. ஒன்று, ஓசோன். நம்மைக் காப்பாற்றும் அதே ஓசோன்தான் புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. ஆதித்யாவின் 'சூட்' தொலைநோக்கி 200 முதல் 400 நானோமீட்டர் வரை 11 ஃபில்டர்களில் சூரியனின் முழு வட்டத்தையும் படம் எடுக்கிறது. இதில் குறைந்த அலைநீளப் பகுதி கொடைக்கானல் மலை உச்சிக்குக்கூட வந்து சேராது.

இரண்டு, கொரோனா என்கிற ஒளிமகுடம். சூரிய வட்டின் ஒளியில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் அதன் ஒளி. வானத்தின் நீலமே அதை மூழ்கடித்துவிடும். பூமியிலிருந்து நன்றாகப் பார்க்க வேண்டுமானால் முழு கிரகணம் வர வேண்டும். வந்தாலும் சில நிமிஷம்தான். ஆதித்யாவின் 'வெல்க்' கருவி வட்டை உள்ளேயே மறைத்து, தினமும் செயற்கையாக ஒரு கிரகணத்தை உண்டாக்கிக்கொள்கிறது. சூரிய மையத்திலிருந்து 1.05 ஆரத்தில் தொடங்கிப் பார்க்கிறது. அதாவது விளிம்பை ஒட்டியே. பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ்; அதற்கு மேலே இருக்கும் கொரோனாவோ பத்து லட்சம் டிகிரிக்கு மேல். அடுப்பை விட்டுத் தள்ளிப் போகப் போகச் சூடு ஏறுகிற மாதிரி. ஏன் இப்படி என்பது இன்னும் முழுசாகத் தீராத கேள்வி. விடை தேட வேண்டிய இடம் அந்த விளிம்புதான்.

மூன்று, எல்-1-ல் ராத்திரி கிடையாது. சூரியன் மறைவதே இல்லை.

இந்த மூன்றையும் சொல்ல ஒரு பக்கம் போதும். அந்தப் பக்கத்தை ஊர்ப்பெருமை எடுத்துக்கொள்கிறது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர், அரசுப் பள்ளியில் படித்தவர். இதைச் சொல்லத்தான் வேண்டும். என்னிடம் கேள்வி கேட்ட பெண்ணுக்கு அது சும்மா தகவல் இல்ல. ஆனால் அவர் எந்த ஊர் என்று நாலு பத்தி எழுதுபவர்கள், அவர் வழிநடத்தியது என்ன கருவிகளை என்று ஒரு பத்தி எழுதினால்தான் பெருமைக்கே அர்த்தம். 1999-ல் ஏவப்பட்ட சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கிக்கும் இதே கதிதான். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் என்பது எல்லோருக்கும் தெரியும். அது எதைப் பார்க்கிறது என்று கேட்டால் மௌனம்.

ஏவுதலுக்குப் பிறகான மௌனமும் அப்படித்தான். 2024 பிப்ரவரி 22-ல் வெடித்த பெரிய சூரியச் சுடரைச் 'சூட்' பதிவு செய்தது. அதே ஆண்டு ஜூலை 16-ல் சூரியனிலிருந்து பிளாஸ்மா வீசியெறியப்பட்ட நேரத்தை 'வெல்க்' தரவிலிருந்து கணக்கிட்டார்கள். நான் சேர்த்ததில் இவை துண்டுச் செய்தி அளவைத் தாண்டவில்லை. அஸ்ட்ரோசாட் 2015-லிருந்து விண்மீன்களையும் கேலக்ஸிகளையும் பார்த்துவந்தது. 930 கோடி ஒளியாண்டு தொலைவில் ஒரு கேலக்ஸியிலிருந்து வந்த புற ஊதா ஒளியைக் கண்டதாக 2020-ல் ஆய்வுக் கட்டுரை வந்தது. அதைத் தமிழில் விளக்கமாகப் படித்த ஞாபகம் உங்களுக்கு இருக்கா?

இதுல வடசென்னைக்காரனுக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். மணலியின் தீச்சுடர், எண்ணூரின் புகை, துறைமுக வெளிச்சம். எங்கள் வானத்தில் ராத்திரி எண்ணிவிடக்கூடிய நட்சத்திரம்தான் தெரியும். தொலைநோக்கி வாங்கிக் கொடுத்தாலும் இங்கே பால்வீதி தெரியப்போவதில்லை. ஆனால் விண்வெளித் தொலைநோக்கியின் தரவுக்கு இருட்டு வானம் தேவையில்லை. 2025 ஜனவரி 6-ல் ஆதித்யாவின் ஏழு கருவிகளின் தரவுகளையும் இஸ்ரோ பொதுவில் வைத்தது. பெயரைப் பதிந்துகொண்டு யாரும் இறக்கிக்கொள்ளலாம். பெசன்ட் நகர் பையனுக்கும் முல்லை நகர் பொண்ணுக்கும் அங்கே ஒரே சூரியன்தான். இடையில் நிற்பது மொழியும் விளக்கமும்.

இது நம்மால் ஆகாத வேலையும் இல்லை. 1874 டிசம்பரில் வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதற்கு முன்னாடியே, நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, மக்களுக்குப் புரிகிற மாதிரி அதை விளக்கி ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சிறு நூல் வெளியிட்டார். என்ன நடக்கும், எப்படிப் பார்ப்பது, எதற்குப் பார்ப்பது. அவ்வளவுதான் கேட்கிறேன்.

அடுத்த குறிப்பில் 'சூட்' எடுத்த ஒரு படத்தை இறக்கி, 'ஃபிட்ஸ்' கோப்பைத் திறந்து, எந்த ஃபில்டர், அந்த நிறம் நிஜமா பூசியதா என்பதைப் படிப்படியாக எழுதப் பார்க்கிறேன். தமிழில் ஏற்கெனவே யாராவது செய்திருந்தால் சொல்லுங்க. அதையே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறேன்.