செட் ஆகிறதா, ஆகலையா?
ஒரு சொல்லும் நம் வீடுகளும்

போன வருஷம் என் அம்மா ஊரிலிருந்து பெங்களூருக்கு வந்து ஒரு மாதம் எங்களோடு இருந்தார்கள். ஒருநாள் காலையில் என் மகள் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, "பாட்டி, தயிர் செட் ஆயிடுச்சா?" என்று கேட்டாள். "ஒரே ஒரு பாத்திரத்துலதானே கண்ணு உறை ஊத்தினேன், செட்டுக்கு நான் எங்கே போவேன்?" என்றார்கள் அம்மா. எல்லோரும் சிரித்தோம். மகள் மட்டும் சிரிக்கவில்லை. அன்று முழுக்கப் பாட்டியிடம் அவள் தமிழில் வாயே திறக்கவில்லை. வேண்டியதை என்னிடம் ஆங்கிலத்தில் சொல்லி, பாட்டியிடம் சொல்லச் சொன்னாள். இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்தச் சிரிப்புதான்.

பாட்டிக்குச் செட் என்றால் எவர்சில்வர் டப்பா செட். பேத்திக்குச் செட் என்றால் இறுகி நிற்பது. ஆங்கிலத்தில் இரண்டுமே சரி. 1989-இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு 430 பொருள்கள் உள்ளன. அதன் விளக்கம் சுமார் 60,000 சொற்கள். அந்தப் பதிப்பிலேயே மிக நீண்ட பதிவு அதுதான். மூன்றாம் பதிப்புக்கான திருத்தத்தில் 'ரன்' என்ற வினை 645 பொருள்களோடு அதை முந்திவிட்டதாக 2011-இல் செய்தி வந்தது.

சூரியன் மறைவதும் செட், சிமென்ட் இறுகுவதும் செட். முறிந்த எலும்பைச் சேர்த்து வைப்பது, அலாரம் வைப்பது, மோதிரத்தில் கல் பதிப்பது, கேள்வித்தாள் தயாரிப்பது எல்லாமே செட்தான். இவை 'இருத்துதல், வைத்தல்' என்ற பொருளுள்ள பழைய ஆங்கில வினையிலிருந்து கிளைத்தவை. தொகுதி என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல் வேறு வழியில் வந்தது. அது பழைய பிரெஞ்சு வழியாக லத்தீன் 'செக்டா'விலிருந்து வந்து, பிறகு இந்த வினையோடு கலந்துவிட்டது என்பது அகராதியாளர்களின் கருத்து.

இதைப் பார்த்து, "ஆங்கிலம் எவ்வளவு வளம்! தமிழில் இப்படி முடியுமா?" என்று மலைப்பவர்கள் நம்மிடையே உண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நம்முடைய 'பிடி'யை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் பிடிக்கிறோம், படம் பிடிக்கிறோம், கொழுக்கட்டை பிடிக்கிறோம். சளி பிடிக்கிறது, துரு பிடிக்கிறது, கிறுக்குப் பிடிக்கிறது. சம்பளத்தில் பிடிக்கிறார்கள். கடைசியில் ஒருவரை நமக்குப் பிடித்தும் போகிறது. 'போடு', 'அடி', 'எடு' ஆகியவற்றையும் இப்படியே நீட்டலாம். எந்த மொழியிலும் அன்றாடம் கைபடும் சிறு சொல்தான் அதிக வேலை செய்கிறது.

இதைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே பேசிவிட்டார். பலபொருள் ஒருசொல்லை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். 'மா பூத்தது' என்றால் மரம் என்று வினையே காட்டிக்கொடுக்கிறது. இப்படி வினையாலோ, இனத்தாலோ, சார்பாலோ பொருள் தெளிவது ஒருவகை. 'மா வீழ்ந்தது' என்றால் மரமா விலங்கா என்று தெரியாது. அந்த இடத்தில் சொல்பவர்தான் விளங்கச் சொல்ல வேண்டும். இந்த அளவுகோலை வைத்து நம் வீட்டுச் 'செட்'டை நிறுத்துப் பார்க்கலாம்.

பம்புசெட், பல்செட், சினிமா செட், பரோட்டா ஒரு செட்: இவற்றில் குழப்பமே இல்லை, பக்கத்துச் சொல்லே பொருளைக் காட்டிவிடுகிறது. மோட்டாரும் பம்பும் சேர்ந்த தொகுதிக்கு வந்த பெயர், கிராமத்தில் இடத்துக்கே பெயராகி, "பம்புசெட்டுல குளிச்சுட்டு வரேன்" என்று ஆகிவிட்டது. இந்த ஊரில் சாகுவோடு வரும் செட் தோசையை நாம் யாரும் வேற்றுமொழி என்று நினைத்துச் சாப்பிடுவதில்லை. இவற்றையெல்லாம் விரட்ட வேண்டும் என்று சிலர் பட்டியல் போடுகிறார்கள். செட் என்றால் 'தொகுதி' என்கிறார்கள். அப்படியானால் பல்செட் பல்தொகுதி ஆகும், செட் தோசை தொகுதித் தோசை ஆகும்! தமிழ்நாட்டுக் கணக்குப் புத்தகம் இதற்குக் 'கணம்' என்ற சொல்லை வைத்திருக்கிறது. பாடத்துக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் கணம் என்பதற்கே நொடி என்றும் கூட்டம் என்றும் பொருள் உண்டு. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று மாற்றி வைப்பது மொழிபெயர்ப்பு ஆகாது.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. 'செட் ஆகலை' என்ற தொடரைப் பாருங்கள். வரன் செட் ஆகலை. ஹாஸ்டல் சாப்பாடு செட் ஆகலை. புது ஆபீஸ் செட் ஆகலை. மாமியாரும் மருமகளும் செட் ஆகலை. தயிரும் செட் ஆகலை. முன்பு இவை ஐந்துக்கும் ஐந்து வினைகள் இருந்தன. ஜாதகம் பொருந்தவில்லை. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. ஆபீஸில் மனசு ஒட்டவில்லை. இருவரும் ஒத்துப்போகவில்லை. தயிர் தோயவில்லை. 'ஒத்துக்கொள்ளவில்லை' என்றால் உடம்பு ஏற்கவில்லை என்று தெரியும். 'ஒட்டவில்லை' என்றால் உள்ளே ஒரு வருத்தம் இருப்பது தெரியும். 'ஒத்துப்போகவில்லை' என்றால் இரண்டு பக்கமும் ஏதோ இருக்கிறது. 'செட் ஆகலை' என்றால் ஒன்றும் தெரியாது. வெளியூர்க் கல்லூரியிலிருந்து பிள்ளை போனில் "இங்க செட் ஆகலைப்பா" என்று சொன்னால், அவனுக்கு வயிறு சரியில்லையா, மனசு சரியில்லையா என்று அப்பா எப்படிக் கண்டுபிடிப்பார்? இது தொல்காப்பியர் சொன்ன இரண்டாம் வகை. விளங்கச் சொல்ல வேண்டிய இடத்தில் நாம் விளங்காமல் பேசிப் பழகிவிட்டோம்.

இதற்குக் குழந்தைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பாட்டி சிரித்த அதே வாரம் நான் என் தம்பியிடம் போனில், "அந்த வரன் செட் ஆகலைடா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில்தான் இருந்தாள். ஊரில் வளரும் குழந்தைக்குத் தெருவும் கடையும் பள்ளியும் தமிழ் கற்றுத் தருகின்றன. இங்கே வளரும் குழந்தைக்கு நம் வாய் ஒன்றுதான் பள்ளிக்கூடம். அந்த வாயில் ஐந்து வினைகள் இருந்த இடத்தில் ஒன்றுதான் புழங்குகிறது என்றால், அந்த ஒன்றைத்தான் அது கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்டதைப் பேசும்போது நாம் சிரித்தால், அடுத்த முறை தமிழிலேயே பேசாது.

ஆகவே அன்பர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. செட் தோசை செட் தோசையாகவே இருக்கட்டும். 'செட் ஆகலை' என்று வாய்வரை வரும்போது மட்டும் ஒரு நொடி நின்று, ஆகாதது எது, எப்படி ஆகவில்லை என்று யோசித்து, அதற்குரிய வினையைச் சொல்லுங்கள். குழந்தை மாற்றிச் சொன்னால் சிரிக்காமல், சரியான சொல்லைச் சேர்த்துப் பதில் சொல்லுங்கள்.

மறுநாள் காலையில் அம்மாவே பேத்தியை அடுப்பருகே கூப்பிட்டு, பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினார்கள். "பாரு கண்ணு, ஆடாம நிக்குது. இதுக்குத்தான் தோஞ்சிடுச்சுன்னு சொல்றது." இப்போது தினமும் காலையில் மூடியைத் திறந்து பார்த்து, "தோஞ்சிடுச்சு" என்று சொல்வது அவள்தான்.