‘என் சரித்திரம்’ காட்டும் தந்தை: நீதிநூல் மரபும் தன்வரலாற்றுப் பதிவும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் நீதிநூல் மரபு தந்தையை வணக்கத்திற்குரியவராக நிறுவுகிறது. ஆனால் மகவை ஆளாக்கத் தந்தை நாள்தோறும் செய்யும் உழைப்பை அது விரித்துரைப்பதில்லை. அவ்வுழைப்பை உடனிருந்து கண்ட மகன் பின்னாளில் அதனை எழுத்தில் ஏற்றிய பதிவாக உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ அமைகிறது. ஆசிரிய பக்தியின் நூலாகவும் சுவடித் தேடலின் நூலாகவும் பெரிதும் வாசிக்கப்பட்டுவரும் இத்தன்வரலாற்றை, தந்தைக்குச் செய்யப்பட்ட நன்றிக்கடனாகவும் வாசிக்க இயலும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அப்பதிவின் எல்லைகளும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தந்தைமை, தன்வரலாறு, உ.வே.சாமிநாதையர், வேங்கடசுப்பையர், நீதிநூல்கள், தரங்கம்பாடி, மயூரம்

முன்னுரை

1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்கு, திண்ணைப்பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகியவர். இரண்டே ஆண்டுகளில், 1708-இல், நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் செருமானிய மொழியில் பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்புகள் 1930-இல்தான் அறிஞர் காலந்து வழியாக அச்சேறின. தமிழ்க் குழந்தை எழுத்தறிவோடு சேர்த்து எந்த ஒழுக்கத்தை மனப்பாடம் செய்தது என்பதை ஓர் அயலார் அறிய விரும்பியபோது அவர் கையில் எடுத்தவை இச்சிறு நூல்களே என்பது நோக்கத்தக்கது.

இந்நூல்களில் தந்தைக்குரிய இடம் எது? கொன்றைவேந்தன் தாயையும் தந்தையையும் குழந்தை முதலில் அறியும் தெய்வங்களாக்குகிறது. தந்தையின் சொல்லை எந்த மந்திரத்திற்கும் மேலாக வைக்கிறது. அதாவது, தந்தை வணங்கப்படுகிறார், கேட்கப்படுகிறார். உலகநீதியில் இன்னொரு சுவையான இடம் உண்டு. யார் யாருடைய கூலியைக் கொடாமல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அது ஐவரைப் பட்டியலிடுகிறது. வண்ணார், நாவிதர், கல்வி கற்பித்த ஆசிரியர், பேறு பார்த்த மருத்துவச்சி, நோய் தீர்த்த மருத்துவர் ஆகியோர் அவர்கள். குழந்தையை உலகிற்குக் கொண்டுவந்தவரின் உழைப்பும், அதற்கு எழுத்தறிவித்தவரின் உழைப்பும் கணக்கில் வருகின்றன. அந்த ஆசிரியரிடம் பிள்ளையைக் கொண்டு சேர்த்தவரின் உழைப்பு கணக்கில் வரவில்லை. தந்தைக்குக் கூலி பேசுவது முறையன்று என்பது வெளிப்படை. ஆயினும் தெய்வமாக்கப்பட்டவரின் உழைப்பு கண்ணுக்குப் புலப்படாமற் போவதற்கு இது நல்ல சான்று.

கடமையும் மகிழ்ச்சியும் பயனும்

பழைய இலக்கியம் தந்தையைப் பாடாமல் விட்டுவிடவில்லை. பொன்முடியாரின் புறப்பாட்டு (புறநானூறு 312) குடும்பத்திற்கும் ஊருக்கும் கடமைகளைப் பங்கிடும்போது, மகனை நிறைகுணத்தவனாக்கும் பொறுப்பைத் தந்தையிடம் ஒப்படைக்கிறது. கொல்லனுக்கு வேல் வடிக்கும் வேலையை அதே பாட்டு தருகிறது. கொல்லன் தன் வேலையை எவ்வாறு செய்வான் என்பது யாருக்கும் தெரியும்: உலை, சம்மட்டி, இரும்பு. தந்தை தன் வேலையை எவ்வாறு செய்வான் என்பதற்குப் பாட்டில் விடை இல்லை.

பாண்டியன் அறிவுடைநம்பியின் பாட்டு (புறநானூறு 188) உண்கலத்தில் கையிட்டு நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைக் காட்டுகிறது. திருக்குறளின் ‘புதல்வரைப் பெறுதல்’ அதிகாரத்திலும் குழந்தையின் கை அளைந்த கூழ், மெய் தீண்டல், மழலை ஆகியன பெற்றோர் பெறும் இன்பங்களாக அடுக்கப்படுகின்றன. ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய செவிலி கூற்றுப் பத்து, புதல்வனை நடுவில் கிடத்திய தாய் தந்தையரைச் செவிலியின் கண்கொண்டு பார்க்கிறது. இவை தந்தையின் மகிழ்ச்சியைப் பேசுபவை. அதே குறள் அதிகாரம், தந்தை மகனுக்குச் செய்யும் நன்மையை அவையில் முந்தியிருக்கச் செய்தலாகவும், மகன் தந்தைக்குச் செய்யும் கைம்மாறை ஊரார் தந்தையின் தவத்தை வியக்கச் செய்தலாகவும் வரையறுக்கும்போது பார்வை பயனை நோக்கித் திரும்புகிறது. இரண்டு குறட்பாக்களிலும் தீர்ப்புச் சொல்வது பிறரே.

கடமை, மகிழ்ச்சி, பயன் ஆகிய மூன்றும் உள்ளன. இடையில் இருக்க வேண்டிய நீண்ட காலம், அதாவது நடந்த தொலைவு, கடன் கேட்ட வீடுகள், மகனுக்காக மாற்றிக்கொண்ட விருப்பம் ஆகியவை செய்யுளுக்குள் வரவில்லை. அவை வருவதற்கு உரைநடையும் தன்வரலாறு என்னும் வகைமையும் வேண்டியிருந்தன.

நூல் பெறாத தந்தை

‘என் சரித்திரம்’ 1940-இல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவரத் தொடங்கியது. 1942-இல் சாமிநாதையர் மறைந்தபோது அது முற்றுப்பெறாமலே நின்றது. நூல் வடிவம் பெற்றது 1950-இல். அதற்கு முன்பே அவர் வாழ்க்கை வரலாறுகள் பலவற்றை எழுதியிருந்தார். தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு இரண்டு பாகங்களில் (1933, 1934) சரித்திரம் எழுதினார். தந்தையின் இசையாசிரியரான கனம் கிருஷ்ணையருக்கு ஒரு நூல் உண்டு. தமக்குச் சில காலம் இசை கற்பித்த கோபாலகிருஷ்ண பாரதியாருக்கும் ஒரு நூல் உண்டு. இவ்விரண்டும் 1936-இல் வெளிவந்தன. தந்தையின் ஆசிரியருக்கும் தம் ஆசிரியர்களுக்கும் நூல் எழுதியவர், தந்தை வேங்கடசுப்பையருக்குத் தனி நூல் எழுதவில்லை.

இதனை மறதி எனக் கொள்வது பொருந்தாது. மேற்சொன்ன மூவரும் நூலோ கீர்த்தனமோ இயற்றிப் புகழ் பெற்றவர்கள். சரித்திரம் எழுதத் தக்கவர் என அக்காலம் ஏற்றுக்கொண்டவர்கள். வேங்கடசுப்பையர் அவ்வாறு அறியப்பட்டவர் அல்லர். கனம் கிருஷ்ணையரிடம் குருகுலவாசம் செய்து இசை கற்று, ஊர் ஊராகச் சென்று இராமாயணப் பிரசங்கம் செய்து குடும்பம் நடத்தியவர். அவருக்குரிய சரித்திரம் மகனுடைய சரித்திரத்தின் முற்பகுதியில் கலந்து கிடக்கிறது. அப்பகுதியை மகாவித்துவானின் வருகைக்கு முன்னுரையாக மட்டும் படிக்கும் வழக்கத்தால், நூலில் இருக்கும் இரண்டாவது வாழ்க்கை வரலாறு கவனம் பெறாமற் போகிறது.

ஆசிரியரைத் தேடிய பயணம்

‘என் சரித்திர’த்தின் முற்பகுதியை ஊர்ப்பெயர்களின் வரிசையாகவே படித்துவிடலாம். உத்தமதானபுரம், அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம், மயூரம். ஒவ்வோர் ஊருக்கும் ஓர் ஆசிரியர் உண்டு. அரியலூரில் சடகோபையங்கார் தமிழ்ச் சுவையை ஊட்டினார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும் கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடமும் பாடம் தொடர்ந்தது. செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் யாப்பிலக்கணம் கற்பித்தார். ஓர் ஆசிரியரிடம் கற்பதற்குரியது முடிந்ததும் அடுத்தவர் யார் என்னும் கேள்வி எழுகிறது. குடும்பம் இடம் பெயர்கிறது.

இப்பெயர்வுகளுக்குப் பொருள் தந்தது இராமாயணப் பிரசங்கம். அருணாசலக் கவிராயரின் இராமநாடகக் கீர்த்தனங்களைப் பாடிப் பொருள் சொல்லும் வழக்கம் அக்காலக் கிராமங்களில் வேரூன்றியிருந்தது. அக்கவிராயர் (1711–1779) தரங்கம்பாடியை அடுத்த தில்லையாடியிற் பிறந்தவர். காவிரிக் கடைமடையில் பிறந்த ஒரு கவிஞரின் கீர்த்தனங்கள், நூறாண்டுகளுக்குப் பின்னர், வேறொரு சிற்றூரில் ஒரு சிறுவனின் தமிழ்க் கல்விக்குச் சோறிட்டன என்பதை இலக்கிய வரலாறுகள் குறிப்பதில்லை. எங்கே ஆசிரியர் உண்டோ அங்கே பிரசங்கத்தை நடத்துவது, அங்குள்ளோர் ஆதரவில் தங்குவது, பாடம் முடிந்தபின் புறப்படுவது என்னும் முறையில் வேங்கடசுப்பையர் தம் தொழிலையே மகனின் கல்விக்கேற்ப நகர்த்தினார். பொதுவாகத் தொழில் இருக்கும் ஊரில் குடும்பம் தங்கும், கிடைத்த பள்ளியில் பிள்ளை படிக்கும். இங்கு வரிசை தலைகீழாகிறது.

சாமிநாதையர் இதனை எழுதும் முறை கவனத்திற்குரியது. தந்தையின் அன்பைப் பெயரிட்டுப் போற்றுவதைக் காட்டிலும் அவர் செய்தவற்றைச் சொல்வதிலேயே எழுத்து நிலைகொள்கிறது. யாரைப் பார்த்தார், என்ன கேட்டார், எங்கே தங்க இடம் கிடைத்தது, யார் உதவினார் என்னும் விவரங்கள் பொறுமையாக வருகின்றன. வறுமையும் மறைக்கப்படவில்லை, பிறரை அண்டி வாழ நேர்ந்ததும் மறைக்கப்படவில்லை. எண்பத்தைந்து வயதை எட்டிய, நாடறிந்த ஒரு பேராசிரியர், தம் தந்தை பிறர் தயவை நாடியதை இவ்வளவு தெளிவாக அச்சில் ஏற்றுவது எளிதன்று. சிறுமை எனப் பலர் ஒளிக்கக்கூடியதையே அவர் சிறப்புக்குரிய சான்றாக வைக்கிறார். மரபான தந்தை வணக்கத்திலிருந்து இப்பதிவு வேறுபடும் இடம் இதுவே.

மயூரம், 1871

தந்தையின் விருப்பம் இசை. அவர் கற்றது இசை, பிழைத்தது இசையால், மகனுக்குத் தாமே கற்பிக்கத் தொடங்கியதும் இசை. மகனின் மனம் தமிழில் ஊன்றியதைக் கண்டபின் அவர் தேடியவர்களோ தமிழாசிரியர்கள். தந்தை சொல்லை மந்திரத்திற்கு மேலாக்கிய நீதிநூல் தலைமுறையைச் சேர்ந்த ஒருவர், மகனின் சொல்லாத விருப்பத்திற்குச் செவிகொடுத்திருக்கிறார். நீதிநூல்கள் இந்தத் திசையில் ஓர் அறத்தை விதிக்கவில்லை.

1871-இல் தந்தையும் மகனும் மயூரத்திற்கு வந்து மீனாட்சிசுந்தரம் பிள்ளையைக் கண்டனர். பாடம் சொல்லப் பிள்ளை இசைந்தபோதும் மாணவனின் உணவுக்கு வழி வேண்டியிருந்தது. ஆசிரியரின் இல்லத்தில் உண்ணச் சாதி வழக்கம் இடந்தரவில்லை. அதற்குரிய ஏற்பாடு தந்தையின் பொறுப்பாயிற்று. இலக்கிய வரலாற்றின் பெருந்தருணமாகப் போற்றப்படும் இச்சந்திப்பில் தந்தைக்கு வாய்த்த கவலை சாப்பாட்டுக் கவலை. அதனை விடாமல் எழுதியதால்தான் அத்தருணம் நம்பத்தக்கதாகிறது.

மயூரத்தில் அப்போது கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். தந்தையின் விருப்பப்படி மகன் அவரிடம் இசை பயின்றான். இசையில் மனம் சென்றால் இலக்கண இலக்கியப் பயிற்சி கூர்மை பெறாது என்பது பிள்ளையின் கருத்து; அதனை அறிந்து இசைப்பயிற்சி நிறுத்தப்பட்டது. தந்தை தம் வாழ்நாள் முழுதும் பேணிய கலை, அவரே தேடிக் கொடுத்த ஆசிரியரின் கருத்தால் மகனிடம் நின்றுபோயிற்று. இதற்கு அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், 1936-இல், கனம் கிருஷ்ணையருக்கும் கோபாலகிருஷ்ண பாரதியாருக்கும் சாமிநாதையர் நூல் எழுதியதை இப்பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். தாம் கல்லாது விட்ட தந்தையின் கலைக்கு எழுத்தால் செலுத்திய கடன் என அந்நூல்களைக் கொள்ள இடமுண்டு. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் மகன் தமிழாசிரியரானதைத் தந்தை உயிரோடிருந்து கண்டார். குறள் கூறும் அவையும் பயனும் அங்கே நிறைவேறின. ஆயினும் ‘என் சரித்திர’த்தில் தந்தை நினைவில் நிற்பது அந்நிறைவால் அன்று, அதற்கு முந்திய நடைவழிகளால்.

பதிவின் எல்லைகள்

இவ்வாசிப்பு மூன்று எச்சரிக்கைகளோடு ஏற்கத்தக்கது. முதலாவது, தாய் சரஸ்வதியம்மாளைப் பற்றியது. ஒவ்வொரு பெயர்விலும் புதிய ஊரில் அடுப்பு மூட்டியவர் அவர். ஊர்வரிசை தந்தையின் முயற்சியாகவே உருப்பெறும்போது அவ்வூர்களில் குடும்பத்தை நடத்தியவரின் உழைப்பு பின்னணிக்குச் சென்றுவிடுகிறது. நீதிநூல்களில் தந்தையின் உழைப்புக்கு நேர்ந்தது இங்கே தாயின் உழைப்புக்கு நேர்கிறது. தந்தையைப் பாராட்டும் எந்த வாசிப்பும் இக்குறையைச் சொல்லாமல் கடப்பது நேர்மையாகாது.

இரண்டாவது, சமூக நிலை. தமிழ் கற்பிக்க ஆசிரியர்களும், தங்க வீடும், பிரசங்கம் கேட்க அவையும் அவ்வந்தணர் குடும்பத்திற்கு எளிதில் இல்லையெனினும் தேடினால் கிடைத்தன. அதே காவிரிப் படுகையில் பண்ணையில் கட்டுண்டு உழைத்த தந்தைக்கு ஊர் மாறும் உரிமையே இல்லை. மகனுக்காக நடக்க இயலாத தந்தையரின் விருப்பம் எங்கே பதிவாயிற்று என்னும் கேள்வியை ‘என் சரித்திரம்’ எழுப்பவில்லை. அதைப் படிப்பவர் எழுப்பியாக வேண்டும்.

மூன்றாவது, மகள். சாமிநாதையர் மயூரத்திற்கு வந்த காலத்தில் அவ்வூரில் வாழ்ந்த வேதநாயகம் பிள்ளை, தரங்கம்பாடியில் முன்சீபாகப் பணியாற்றியவர், மகாவித்துவானின் நண்பர், அவர்மீது பிள்ளை குளத்துக்கோவை பாடியுள்ளார். பெண்கல்வியை வற்புறுத்தும் ‘பெண்மதிமாலை’யை அவர் வெளியிட்டது 1869-இல், அதாவது வேங்கடசுப்பையர் மகனுக்கு ஆசிரியர் தேடிய அதே ஆண்டுகளில். மகளுக்காக அவ்வாறு நடந்த தந்தையைக் காண அடுத்த தலைமுறைக்கு வர வேண்டும். தஞ்சை மாவட்டத்து ரிஷியூரைச் சேர்ந்த குடும்பத்தில் 1886-இல் பிறந்த சகோதரி சுப்புலட்சுமி பதினொரு வயதில் கைம்பெண்ணானார். தந்தை ஆர்.வி.சுப்பிரமணிய ஐயர் மகளுக்குத் தாமே கற்பித்து மேற்கல்விக்கும் அனுப்பினார். 1911-இல் அவர் பி.ஏ. பட்டம் பெற்றார். அக்காலச் சமூகத்தில் மகனுக்கு ஆசிரியர் தேடுவதினும் இது கடினமான வழி. மகனின் கல்விக்காக அலைந்த தந்தையை ஊர் பரிதாபத்தோடு பார்த்திருக்கலாம். கைம்பெண் மகளைப் படிக்க வைத்த தந்தையை அது பகைத்தது. வேங்கடசுப்பையரைத் தமிழ் வாசகர் மகனின் தமிழிலேயே அறிகின்றனர். சுப்பிரமணிய ஐயரின் உழைப்போ பெரும்பாலும் 1966-இல் வெளிவந்த மோனிக்கா ஃபெல்ட்டனின் ஆங்கில நூல் வழியாகவே இன்றைய ஆய்வாளரை வந்தடைகிறது.