தாளிப்பனை பூத்த பூங்கா

மணமேல்குடிக் கடற்கரையில் அடப்பங்கொடி ஊதாவாகப் பூத்து மணலை மூடிக் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரொபெர்தோ பர்லே மார்க்ஸ் நினைவுக்கு வருவார். பிரேசில் நாட்டவர், 1909இல் பிறந்தவர். முதலில் ஓவியர், பிறகுதான் தோட்டக்காரர். ரியோ டி ஜெனிரோவின் கல்வி அமைச்சகக் கட்டடத்துக்கு 1938இல் அவர் வரைந்த மாடித் தோட்டத் திட்டத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாம். நெளிநெளியான வண்ணத் திட்டுகள், ஒன்றையொன்று தொட்டும் விலகியும். அசல் அரூப ஓவியம்.

அந்தத் திட்டுகள் மண்ணுக்கு இறங்கும் விதம்தான் அழகு. ஒரு திட்டுக்கு ஒரே செடி, அதுவும் இடைவெளி இல்லாமல். பலதையும் கலந்து நட்டால் நிறம் குழம்பிவிடும் என்பது ஓவியனுக்குத் தெரியும். பெரும்பாலும் தன் நாட்டுச் செடிகளையே எடுத்தார். அவற்றின் அருமையை அவர் உணர்ந்தது பெர்லினில், ஓவியம் படிக்கப் போன வயதில், அங்கிருந்த தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் கூடத்தில்.

‘தரையில் தீட்டிய ஓவியம்’ என்று இவருடைய தோட்டங்களைப் புகழ்வது வழக்கம். எனக்கு அது போதவில்லை. திரையில் பூசிய பச்சை வளராது. 1960களில் கடலைத் தூர்த்து உருவாக்கிய ஃபிளமெங்கோ பூங்காவில் அவர் தாளிப்பனைகளை நட்டார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்த மரம்; நம் முன்னோர் சுவடி எழுதிய சீதாள ஓலை இதனுடையதே. பல பத்தாண்டுகள் வளர்ந்து, உச்சியில் ஒரே ஒருமுறை இலட்சக்கணக்கில் பூத்து, காய்த்துப் பட்டுப்போகும். நட்டவர் 1994இல் மறைந்தார். பனைகள் பூத்தது 2025 கடைசியில். தாம் பார்க்க முடியாத வெளிர்மஞ்சளை அவர் அந்த இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்! எந்த ஓவியத்திலும் இப்படியொரு துணிச்சலை நான் கண்டதில்லை.

நம் கரையிலும் மக்களுக்கென்று இப்படியொரு காட்டுப் பூங்கா வரவேண்டும் என்பது என் ஆசை. வண்ணங்கள் தயாராகவே இருக்கின்றன. வெண்மணலில் அடப்பங்கொடியின் ஊதா, அதையொட்டி இராவணன் மீசையின் சாம்பல் பச்சை, பின்னால் கரும்பச்சையாகப் புன்னை, எல்லாவற்றையும் செங்குத்தாகக் கீறிக்கொண்டு பனை. மீமிசல் பக்கம் முத்துக்குடா அலையாத்திக் காட்டில் படகேறிப் போனால், பச்சைத் திட்டும் நீர்த் திட்டும் ஒன்றையொன்று எப்படி வளைக்கின்றன என்று பார்க்கலாம். பூங்காவை வரைய வருகிறவர் முதலில் அங்கே ஒரு முழுப் பகல் சுற்றட்டும். பிறகு சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்துவிட்டு, பனங்கொட்டையிலிருந்து தொடங்கட்டும்.