குறுக்கீடும் கோணலும்

ஒளி நேர்க்கோட்டிற் செல்லும் என்று தமிழ்ப்பள்ளியில் நாம் கற்பிக்கிறோம். அதே மாணவன் நான்காம் படிவத்துப் பௌதிக வகுப்பில், ஒளி வளையவும் செய்யும் என்று மலாய் மொழியிற் கேட்கிறான். 'பெம்பெலாவான்', 'இன்டர்பெரென்ஸ்' என்னும் சொற்களை மனப்பாடஞ் செய்து தேர்விலும் தேறிவிடுகிறான். இவற்றுக்குத் தமிழ் யாது என்று போர்டிக்சன் வட்டாரத்து மாணவன் ஒருவன் தன் பழைய ஆசிரியரை வினவினால் அவர் என்ன கூறுவார்?

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இவற்றை முறையே 'விளிம்பு விளைவு', 'குறுக்கீட்டு விளைவு' என வழங்கும். இலங்கை நூல்களில் இவை 'கோணல்', 'தலையீடு' ஆகும். நான்கும் பழகிய சொற்களே. ஆயினும் நான்கிலும் குறை உண்டு.

விளிம்பு விளைவை முதலில் எடுத்துக்கொள்வோம். நிழலின் ஓரத்திலே வண்ணப் பட்டைகள் தோன்றுவதை விவரித்த கிரிமால்டியின் நூல், அவர் மறைந்த பின் 1665இல் வெளிவந்தது. விளிம்பே ஒளியை வளைக்கிறது என நியூட்டன் எண்ணினார். நம் சொல்லும் அவ்வெண்ணத்தையே மாணவன் மனத்தில் விதைக்கிறது. உண்மையில் விளிம்பு செய்வது, அலையின் ஒரு பகுதியை மறைப்பது மட்டுமே. மறைபடாத பகுதி பரவுவதால் பட்டைகள் விழுகின்றன என்பதை 1818இல் பிரெனெல் கணக்கிட்டுக் காட்டினார். 'கோணல்' வளைவைச் சொல்கிறது. ஆனால் ஒளிக்கு ஏதோ ஊனம் நேர்ந்ததுபோல் ஒலிக்கிறது.

முற்காலத் தோட்டங்களில் விடியுமுன் அடித்த பெரட்டு மணி லயத்தின் பின்புறத்தும் கேட்டது. பெரட்டுக் களத்து விளக்கோ அங்கே தெரிந்ததில்லை. ஒலியின் அலைநீளம் ஒரு முழம், இரு முழம் என்றிருக்கும். ஒளியின் அலைநீளம் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் நான்கு முதல் ஏழு பங்கு வரைதான். ஆகவே சுவரைச் சுற்றி ஒலி வந்தது. ஒளி வந்ததாகத் தெரியவில்லை.

கடலருகே இருப்பதால், தஞ்சோங் துவான் முனையில் அலை வளைவதைச் சுட்டி, இதுவே விளிம்பு விளைவு என்று கூற ஆசிரியருக்கு ஆசை எழலாம். அது பாதி உண்மையே. கரையை நெருங்க ஆழம் குறைந்து, அலையின் வேகமும் குறைந்து, அது திரும்புகிறது. இஃது ஒளிவிலகலின் இனம். இரண்டும் அங்கே கலந்து கிடக்கின்றன. தட்டு நீரும் இரண்டு பலகைத் துண்டுகளும் போதும். இடைவெளியைக் குறுக்கக் குறுக்க அலை விரிவதைக் காணலாம்.

'குறுக்கீடு' இன்னும் பெரிய இடர். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட்டால் பேச்சு நின்றுவிடும். அலைகளோ ஒன்றையொன்று தடுப்பதில்லை. கூடி, ஊடுருவி, தத்தம் வழியே செல்கின்றன. 'தலையீடு' என்றாலோ அதிகாரி ஒருவர் வந்து நிற்பதே நினைவுக்கு வருகிறது! ஒளியும் ஒளியும் சேர்ந்து இருளாகும் இடத்தை 'அழிவுக் குறுக்கீடு' என்பது அதனினும் தவறு. அங்கே எதுவும் அழியவில்லை. சமமான இரு கதிர்கள் கூடும் பொலிவான இடத்தில் ஒளிச்செறிவு இரு மடங்கன்று, நான்கு மடங்கு. இருண்ட பட்டையிற் காணாத ஆற்றல் அங்கே போயிருக்கிறது. இக்கணக்கைச் சொல்லாமல் சொல்லை மட்டும் கொடுத்தால், ஆற்றல் அழியாது என்று முன்னே படித்த பாடத்தோடு இது முரண்படாதா?

'அலைக்கூடல்' எனவும் 'அலை விரிவு' எனவும் விளக்கத்தில் ஆள்வோம். பாடநூற் சொற்களையும் உடன் சொல்வோம்.

திருவானைக்காவலிற் பிறந்த சி. வி. இராமன், சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோதே, பட்டகத்தின் முகத்திற் சாய்ந்து விழும் ஒளியில் இப்பட்டைகள் இருபுறமும் ஒவ்வாதிருக்கக் கண்டார். அக்கட்டுரை இலண்டன் இதழில் வெளிவந்தது 1906 நவம்பரில். அம்மாதந்தான் அவருக்குப் பதினெட்டு நிறைந்தது. நம் மாணவனுக்கு அத்தகைய கருவி கிடைக்காமற் போகலாம். இரு விரல்களை நெருக்கி, இடையே மயிரிழை வெளி விட்டு, கண்ணருகே வைத்து விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அவ்வெளியில் கருங்கோடுகள் தெரியும்.